யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் காப்புறுதி: தஞ்சாவூர்க் கணக்கு இங்கே செல்லாது

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கியவரானாலும், சென்னையிலிருந்து பலாலிக்குப் பறந்து வந்தவரானாலும், வேலைக்கு வந்த நம் ஊர்க்காரர் முதல் மாதமே என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "வண்டி வாங்கலாமா?" தாராளமாக வாங்குங்கள். மேடே இல்லாத ஊர். ஆனால் காப்புறுதிப் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் படிக்காமல் கையெழுத்திட்டவன்.

சொற்களை முதலில் பழகிக்கொள்ளுங்கள். நாம் காப்பீடு என்பது இங்கே காப்புறுதி. ஓட்டுநர் உரிமம் என்பது சாரதி அனுமதிப்பத்திரம். நம் ஆர்.சி. இங்கே எழுத்து இடம் மாறி சி.ஆர். ஆகிவிடும். நம் ஊர் உரிமத்தை மட்டும் காட்டி இங்கே ஓட்ட முடியாது. இந்நாட்டில் செல்லும் அனுமதி உங்களிடம் இல்லையென்றால், எவ்வளவு பெரிய காப்புறுதி எடுத்திருந்தாலும் விபத்தன்று அது உதவாது. ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காப்புறுதிச் சான்றிதழையும் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோனால், வண்டியை வீதியில் ஓட்டுவதற்கான ஆண்டு அனுமதியாகிய வருமான அனுமதிப்பத்திரம் தருவார்கள். பழைய வண்டியென்றால், விற்றவர் கையெழுத்து மட்டும் இட்டு, வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்ட 'ஓப்பன் பேப்பர்' ஒன்றைக் கையில் திணிப்பார். விற்றவர் கனடா போய்விட்டால் நீங்கள் யாரைத் தேடுவீர்கள்? வாங்கியவுடன் பெயரை மாற்றுங்கள். அவர் பெயரில் உள்ள காப்புறுதி உங்களைக் காக்காது.

இனி என் கதை.

காப்புறுதி இரண்டு வகை. மூன்றாந் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் பாதிப்புக்கு மட்டுந்தான் அது. உங்கள் வண்டிக்கு ஒரு சதமும் வராது. மற்றது முழுக் காப்புறுதி. நான் முழுக் காப்புறுதிதான் எடுத்தேன், புத்திசாலியல்லவா. வண்டி 2017ஆம் ஆண்டுப் பல்சர். 2022 ஆகஸ்டில், பெட்ரோலே வாரத்துக்கு நான்கு லிட்டர் என்று அளந்து கொடுத்த காலத்தில், 4,80,000 இலங்கை ரூபாய் கொடுத்து வாங்கினேன். படிவத்தில் 'வாகனத்தின் பெறுமதி' என்று ஓர் இடம். அங்கேதான் என் தஞ்சாவூர் மூளை வேலை செய்தது. நம் ஊரில் ஐ.டி.வி., அதாவது காப்பீட்டுக்காகக் கணக்கிடும் வண்டி மதிப்பு, ஆண்டுக்காண்டு இறங்கும், ஐந்தாம் ஆண்டில் பாதியைக் கழித்துவிடுவார்கள். இந்த வண்டியோ புதிதாக மூன்று லட்சத்துக்குள் விற்றது. அப்படியிருக்க 2,40,000 போட்டாலே தாராளம் என்று எண்ணினேன். கட்டணமும் சில ஆயிரம் குறைந்தது. முகவர் தம்பி நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது.

டிசம்பர் மழையில், இரவு எட்டு மணிக்குக் கோண்டாவில் பக்கம் ஒரு மாடு வீதியின் நடுவே படுத்திருந்தது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுந்து போய்விட்டது. யாருடைய மாடு என்று விசாரித்தேன். அந்த ஒழுங்கையில் யாரிடமும் மாடே இல்லையாம். எனக்கு முழங்கை சிராய்ப்பு. வண்டிக்கு முன் ஃபோர்க், ஹெட்லைட், டாங்க் எல்லாம் போயிற்று. நம் ஊர் வழக்கப்படி வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். தேநீர்க் கடையில் நின்ற ஐயா ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "வண்டியை அசைக்க வேண்டாம் தம்பி. முதலில் கம்பனிக்குப் போன் எடும்." இங்கே விபத்து நடந்த இடத்துக்கே மதிப்பீட்டாளர் வந்து படம் எடுப்பார். அந்த எண் காப்புறுதி அட்டையில் இருக்கும். அட்டை பர்ஸில் இருக்கட்டும். அந்த ஐயா எனக்கு ஒரு பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தார். இந்த ஊரை நான் விட்டுப் போகாததற்கு இப்படிப்பட்டவர்களே காரணம்.

கராஜ் கணக்கு 96,000 ரூபாய். கம்பனி கணக்கிட்டது 48,000. அதிலும் முதல் ஐயாயிரம் என் தலையில். பாதி எங்கே என்று சண்டைக்குப் போனேன். அதிகாரி அமைதியாக விளக்கினார். வண்டியின் சந்தை விலை 4,80,000, நான் காப்புறுதி செய்தது 2,40,000. ஆக, பாதி வண்டிக்குத்தான் காப்புறுதி இருக்கிறது, மற்றப் பாதிக்கு நானே காப்புறுதிக்காரன். எந்தச் சேதம் வந்தாலும் அதே விகிதத்தில்தான் பணம். இதை 'அவரேஜ்' என்கிறார்கள். ஒப்பந்தத்தில் அச்சிட்டே இருக்கிறது, எறும்பு எழுத்தில்.

பழைய வண்டிக்கு ஏன் இந்த விலை? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் இலங்கை ரூபாய் சரிந்தது. புது வண்டி வராத நாட்டில் பழைய வண்டி தங்கமாகிவிட்டது. ஐந்து வருடம் ஓடிய பல்சர், தான் பிறந்த விலையைத் தாண்டி விற்றது. தேய்மானக் கணக்கிலேயே வளர்ந்த நமக்கு இது உறைக்க நாளாகும்.

ஆகவே அந்த இடத்தில் நீங்கள் எழுத வேண்டியது இன்றைய சந்தை விலையை. கராஜில் கேளுங்கள், ஞாயிறு பத்திரிகை விளம்பரங்களில் இதே ஆண்டு வண்டியைப் பாருங்கள். கூட்டிப் போட்டும் பயனில்லை. கட்டணம்தான் ஏறும், கையில் வருவது சந்தை விலைதான். ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் திரும்பப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். புது வண்டி வந்தால் பழைய வண்டியின் விலையும் மாறும். ஆகையால் என்னைப் பார்த்து 4,80,000 என்று எழுதிவிடாதீர்கள்.

போன மாதம் நான் புதுப்பிக்கப் போனபோது அதே முகவர் தம்பிதான் இருந்தார். "அண்ணை, பழைய தொகையையே போடட்டுமா?" என்று கேட்டார்.