மதிலில் வண்ணத்துப்பூச்சி வரையமுன் எருக்கலையை நடுங்கள்

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு வெறுங்காணி மதிலில் நாங்கள் நாலு பேர் வண்ணத்துப்பூச்சி வரைந்தோம். மாரி முடிந்து போய்ப் பார்த்தால் பாதிச் சிறகு பொருக்குப் பொருக்காக உரிந்து கிடந்தது, உயிருள்ள பூச்சி ஒன்றுகூட அங்கே இல்லை. இரண்டாம் தடவைதான் சரிவந்தது. மதில் சொந்தக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

முதலில் செடி. பூவுக்குத் தேன் குடிக்க எதுவும் வரும், முட்டையிட மட்டும் அந்தந்த இனத்துக்கு அதனதன் இலை வேண்டும். எருக்கலைக்குப் பிளேன் டைகர் என்ற வண்ணத்துப்பூச்சி வரும், கறிவேப்பிலைக்கும் தேசிக்கும் கொமன் மோர்மன், ஈச்சுரமூலிக் கொடிக்குக் கிரிம்சன் ரோஸ். என் தெரிவு எருக்கலை. வெயிலையும் கடற்காற்றையும் தாங்கும், பால் மட்டும் கண்ணில் படக்கூடாது. நாயுண்ணி வேண்டவே வேண்டாம், அது வெளியிலிருந்து வந்து பற்றைக்காடாகப் பரவுகிற சாதி. ஐப்பசி மழையோடு நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம்.

அடுத்தது மதில், என்னைக் கவிழ்த்த இடம். வெள்ளையாகப் பூத்திருந்ததைத் தூசி என்று நினைத்துக் கழுவிவிட்டு, காயமுன் எனாமல் அடித்தேன். அது தூசியில்லை, சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே இழுத்து வருகிற உப்பு. எனாமல் அந்த ஈரத்தை உள்ளே அடைத்துவிட, உப்பு பின்னாலிருந்து பெயின்டைத் தள்ளிவிடும். ஆகவே உப்பைக் காய்ந்தபடியே கம்பி பிரஷால் தேய்த்தெடுங்கள், மதிலடியில் மண் குவிந்திருந்தால் விலக்குங்கள். பிறகு ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி கண்டால் இன்னும் பொறுங்கள். புதுச் சீமெந்துப் பூச்சென்றால் 28 நாளாவது ஆறட்டும். அப்புறம் சீமெந்தின் காரத்தைத் தாங்கும் பிரைமர், மேலே வெளிச்சுவர் எமல்ஷன்.

வரைவது சுலபம், சோக்கால் கட்டம் போட்டுப் பெரிதாக்கலாம். பிளேன் டைகரின் பின்சிறகு நடுவில் பெண்ணுக்கு மூன்று கறுப்புப் புள்ளி, ஆணுக்கு நாலு. எண்ணிப் பார்க்கப் பிள்ளைகள் நிற்பார்கள்!

பின்சேர்க்கை: கோட்டைப் பக்கத்தில் முயன்ற ஒருவர், மான் வந்து தேசிக்கன்றை மொட்டையடித்துவிட்டது என்றார். திருகோணமலையில் மானை மறந்தது என் பிழைதான், கம்பிக்கூடு போடுங்கள். இன்னொருவர் புழு இலையைத் தின்கிறதென்று வேப்பெண்ணெய் அடித்திருக்கிறார். ஐயோ, அந்தப் புழுதானே பூச்சி! எங்கள் எருக்கலையும் காம்பு மட்டும் மிஞ்சித் திரும்பத் துளிர்த்தது. ஒரு புழு மதிலில் ஏறி, வரைந்த சிறகுக்குக் கீழேயே கூட்டுப்புழுவாகத் தொங்கியது, அது வெளியேறும்வரை அந்த மூலைக்கு இரண்டாம் கோட் அடிக்கவில்லை.