ஊருக்குப் போகிறீர்களா? நுளம்பு விளக்கு பெட்டியில் வேண்டாம்

மார்கழி, தை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்கள் பலர் நீல வெளிச்சத்தால் பூச்சியை இழுத்து மின்சாரத்தில் கருக்கும் நுளம்பு விளக்கொன்றையும் வாங்கிப் பெட்டியில் வைக்கிறார்கள். மாரி மழையோடு அங்கே டெங்கு கூடும் காலமும் அதுதான். அந்த விளக்கை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

அந்த விளக்கின் புற ஊதா ஒளியைத் தேடி வருவது விட்டிலும் ஈசலும் வண்டும். நுளம்பு தேடுவது நம் மூச்சில் வரும் காபனீரொட்சைட்டையும் வியர்வை மணத்தையும் உடல் சூட்டையும். அமெரிக்காவின் டெலவெயரில் வீட்டு வளவுகளில் தொங்கிய விளக்குகளில் விழுந்த 13,789 பூச்சிகளை எண்ணிப் பார்த்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. அவற்றில் கடிக்கும் பூச்சிகள் வெறும் 31. காலையில் தட்டில் கருகிக் கிடக்கும் குவியல் பெரும்பாலும் ஒரு தீங்கும் செய்யாத பூச்சிகள்தான். இன்னொன்று: டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்பு பகலில் கடிப்பது. விடிந்த பின் சில மணி நேரமும் பொழுது சாய முன்னும் அதற்கு மும்முரம். விளக்கு எரிவதோ இரவில்.

கனடாவில் வாங்கிய 120 வோல்ட் விளக்கானால் நிலைமை இன்னும் மோசம். இலங்கையில் 230 வோல்ட். பிளக் மாற்றி முனையைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை அல்ல, செருகியதும் எரிந்துபோகும்.

டென்னிஸ் மட்டை போன்ற மின்சார மட்டை ஓரளவு உதவும். நுளம்பு வலைக்குள் புகுந்த ஒன்றிரண்டை அடிக்க அது போதும். ஊரிலேயே வாங்குங்கள். சார்ஜில் இருக்கும்போது பொத்தானை அழுத்த வேண்டாம். நுளம்பு ஸ்பிரே அடித்த அறையில் அதைத் தொடவே கூடாது, பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

உண்மையில் காப்பது வலையும் மின்விசிறியும் தோலில் பூசும் நுளம்பு விரட்டி மருந்தும். வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகுங்கள்; பகலில் தூங்கும் குழந்தைக்கும் கட்டுங்கள். நுளம்பு பலமாகப் பறக்காது, ஆகவே விசிறியைக் கால்மாட்டில், தாழ்வாக வையுங்கள். பெரியவர்கள் நுளம்பை விரட்டும் டீட் (DEET) என்ற இரசாயனம் 20 முதல் 30 வீதம் உள்ள மருந்தைக் காலையிலேயே பூசுங்கள். சன்ஸ்கிரீன் பூசுவதானால் அது முதலில், மருந்து அதற்கு மேல்.

பூட்டிக் கிடந்த வீட்டில் தங்கப் போகிறீர்களென்றால் விளக்குக்குக் கொடுக்கும் காசை வளவு துப்புரவாக்கக் கொடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலுள்ள தட்டு, இலை அடைத்த பீலி, சிரட்டை, பழைய டயர், தண்ணீர்த் தொட்டியின் வழிவு குழாய்: ஈடிசுக்கு ஒரு கோப்பைத் தண்ணீரே தாராளம். முட்டை நுளம்பாக ஏழெட்டு நாளே போதும், எனவே வாரம் ஒருமுறை பாருங்கள். பீப்பாய்த் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் அடுத்த மழையில் பொரிக்கும். தூரிகையால் உரசிக் கழுவுங்கள்.

திரும்பும்போது கழிப்பறைத் தொட்டிக்கு வரும் குழாயைப் பூட்டி, தண்ணீரை அடித்து வெறுமையாக்கி, கழிப்பறைக் கோப்பையின் வாயைப் பொலித்தீனால் இறுக்க மூடிக் கட்டுங்கள். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருகும் வளவுக்கு வழக்குப் போடலாம். வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்காகத் திறப்பு வைத்திருக்கும் உறவினர் நீதிமன்றம் ஏற வேண்டி வரும்.

திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஊருக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள். டெங்கு இல்லையென்று தெரியும்வரை அஸ்பிரின், ஐபுபுரூபன் எடுக்காதீர்கள், இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும்.