ஒரே உலகத்தில் ஆறு பேர்: லுவான்ட்டியில் சேர்ந்து வடிவமைப்பது எப்படி?

ஆளுக்கொரு கணினியில் தனித்தனியாக வரைந்து, கடைசி நாளில் ஒட்டிச் சேர்ப்பதைக் குழுவேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் எழுப்பிய சுவர் இன்னொருவர் வழியை மறிக்கும்போதுதான் வடிவமைப்புப் பேச்சே தொடங்குகிறது. அதற்கு எல்லோரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு 2012 முதல் மைன்கிராஃப்ட் என்ற, கட்டைகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டை வைத்து ஊர்மக்களோடு பொது இடங்களை வடிவமைத்ததும் இப்படித்தான்.

வகுப்பறைக்கு நான் சொல்வது லுவான்ட்டி. அதேபோலக் கட்டைகளால் கட்டும், 2024 வரை மைன்டெஸ்ட் என்று அழைக்கப்பட்ட கட்டற்ற மென்பொருள், காசு வேண்டாம்.

படி 1: எல்லாக் கணினிகளிலும் லுவான்ட்டியின் ஒரே பதிப்பை நிறுவுங்கள். அதற்குள் ஓடும் 'மைன்டெஸ்ட் கேம்' என்ற விளையாட்டுத் தொகுப்பு ஆசிரியர் கணினியில் மட்டும் இருந்தால் போதும்.

படி 2: ஆசிரியர் புதிய உலகம் உருவாக்கும்போது 'ஃபிளாட்' நிலத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். மேடு பள்ளம் முதல் வகுப்பில் கவனத்தைக் கெடுக்கும். 'கிரியேட்டிவ் மோட்' (கட்டைகள் தீராது), 'ஹோஸ்ட் சர்வர்' (மற்றவர்கள் உள்ளே வரலாம்) இரண்டையும் டிக் செய்து, 'டேமேஜ்' (அடிபடுவது) டிக்கை எடுத்துவிடுங்கள். மற்றவர்கள் அந்தக் கணினியின் ஐபி முகவரியும் (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) 30000 என்ற போர்ட் எண்ணும் கொடுத்து உள்ளே வரலாம். எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் இணையம்கூடத் தேவையில்லை. இணைப்பு வரவில்லையா? முதலில், வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைப் பாருங்கள்.

படி 3: இனி கணினியை விட்டுத் தாளுக்கு வாருங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் பள்ளிக்கு ஒரு சிறு நூலகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டை 1 மீட்டர். உண்மையான இடத்தை டேப் வைத்து அளந்து, கட்டை எண்ணிக்கையாக மாற்றுங்கள். பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரிந்து வாசல், உள்ளறை, சைக்கிள் நிறுத்தம் என்று பொறுப்பெடுங்கள்.

படி 4: கட்டுங்கள். எஃப்5 அழுத்தினால் நிற்கும் இடத்தின் ஆயத்தொலைகள் தெரியும். எல்லைகளை அந்த எண்களால் பேசி முடிவுசெய்யுங்கள். சிக்கல் எங்கே வரும் தெரியுமா? நூலகத்தின் தரைமட்டம் வெளி நிலத்தைவிட அரை மீட்டர் உயரம் என்றால், சக்கர நாற்காலிக்கான 1:12 (1 மீட்டர் உயர 12 மீட்டர் நீளம்) சாய்தளத்துக்கு 6 மீட்டர் நீளம் வேண்டும். கட்டையில் சாய்வு வராது. அந்த 6 கட்டைகளை வேறு நிறத்தில் தரையில் பதியுங்கள். பாதி சைக்கிள் நிறுத்தத்துக்குள் போயிருக்கும்! உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஆசிரியரே. இரு அணிகளும் அங்கேயே நின்று பேசட்டும். சாய்தளத்தைத் திருப்புவதா, நிறுத்தத்தை நகர்த்துவதா, தரைமட்டத்தையே குறைப்பதா? மூன்றையும் கட்டிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். கேட்காமல் பிறர் கட்டியதை இடிக்கக் கூடாது என்பது மட்டும் கறாரான விதி.

படி 5: ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் எஃப்12 அழுத்திப் படம் எடுத்து, ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். மதிப்பெண்ணை அந்த வரிகளுக்குக் கொடுங்கள். வகுப்பு முடிந்ததும் உலகத்தின் ஃபோல்டரைப் பென்டிரைவில் நகலெடுத்துவிடுங்கள்.