'ட்ரெட்ஜ்' விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பாம்பன் கரையிலிருந்து சில வார்த்தைகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையால் எங்கள் பக்கம் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். கிழிந்த வலையைத் தைத்து, படகுக்குப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டால் பையன்களுக்கு வேறு வேலை இல்லை. போன தடைக்காலத்தில் என் அக்கா மகன் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். என்னடா என்று கேட்டால், "மாமா, நாலாவது தடவ முங்கிட்டேன்" என்றான். அப்படித்தான் ட்ரெட்ஜ் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஆரம்பித்து நானும் முழுசாக விளையாடி முடித்தேன். நான் கடலுக்குப் போகிறவன் அல்ல. அப்பா போனார், அண்ணன் போகிறார். அந்தக் கண்ணோடு பார்த்ததால் தெரிந்த சில விஷயங்களை எழுதத் தோன்றியது.

தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாக. நியூசிலாந்தில் உள்ள பிளாக் சால்ட் கேம்ஸ் என்ற சின்னக் குழு உருவாக்கி, 2023 மார்ச் 30 அன்று வெளிவந்த விளையாட்டு இது. 2025-ல் போனுக்கும் வந்தது. நீங்கள் ஒரு மீனவர். கிரேட்டர் மேரோ என்ற தீவுக்கு வேலைக்கு வரும்போது மூடுபனியில் உங்கள் படகு பாறையில் மோதி உடைகிறது. ஊர்த் தலைவர் வேறொரு படகைக் கடனாகத் தருகிறார். நீங்கள் விற்கும் மீனில் ஒரு பங்கு அந்தக் கடனில் கழிகிறது. இதைப் பார்த்ததும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், முன்பணம் வாங்கிக்கொண்டு படகேறுகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. பகலில் மீன் பிடிக்கலாம். பொழுது சாய்ந்தால் கடல் வேறு முகம் காட்டும். பயமுறுத்தும் பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

புதிதாக ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மூழ்குவது ஒரே காரணத்தால்: போகிற தூரத்தைக் கணக்கிடுகிறார்கள், திரும்பி வருகிற தூரத்தை விட்டுவிடுகிறார்கள். மருமகன் நாலு தடவையும் அப்படித்தான் மூழ்கினான். கொஞ்சம் தள்ளி ஒரு இடத்தில் மீன் கொப்பளிக்கிறது. அதைப் பிடித்த பிறகு அதற்கும் அப்பால் இன்னொன்று. நிமிர்ந்து பார்க்கும்போது மணி ஆறைத் தாண்டியிருக்கும். இருட்டில் நேரம் போகப் போகத் திரையின் மேலே உள்ள கண் மிரள ஆரம்பிக்கும். அதுதான் மீனவனின் பதற்றம். அது கூடக் கூட, முன்பு இல்லாத பாறை எதிரே முளைக்கும். தூரத்தில் தெரிகிற விளக்கு எல்லாம் படகாக இருக்காது. துறையில் கட்டித் தூங்கினால் பதற்றம் இறங்கும்.

இந்தத் தவறுக்கு மருந்து விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. இதில் கடிகாரம் சும்மா ஓடாது. கடலில் இருக்கையில், படகு நகரும்போதும், மீன் பிடிக்கும்போதும், அடியிலிருந்து பொருள் எடுக்கும்போதும்தான் நேரம் நகரும். எஞ்சினை அணைத்துப் போட்டு நின்றால் நேரமும் நிற்கும். ஆகவே பதறி ஓட்டாதீர்கள். நின்று, வரைபடத்தைத் திறந்து, எந்தத் துறை பக்கம் என்று பார்த்து, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசித்த பிறகு கிளம்புங்கள். மீன் பிடிக்கிற வட்டத்தில் பொத்தானைச் சரியான நேரத்தில் தட்டினால் சீக்கிரம் முடியும். தப்பாகத் தட்டினாலும் மீன் ஓடிப்போகாது, தாமதம்தான் ஆகும். இதில் இழப்பது மீனை அல்ல, பொழுதை. இதைப் புரிந்துகொண்டால் பாதி விளையாட்டு கைவந்த மாதிரி.

என்னைப் பொறுத்தவரை ட்ரெட்ஜின் ஆகப்பெரிய பலம் இதுதான். பூதத்தை வைத்து மிரட்டும் விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. "இன்னும் ஒரு பாடு பார்த்துட்டுப் போவோம்" (பாடு என்றால் ஒரு தடவை வலை விடுவது) என்கிற ஆசையையே பயமாக மாற்றிய விளையாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், வள்ளம் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் அந்த ஒரு பாட்டால் மாட்டிக்கொண்ட ராத்திரி ஒன்று வைத்திருப்பார்கள்.

அடுத்த தவறு சரக்கு அடுக்குவதில். படகின் கொள்ளளவு கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வடிவம்: நீளமாக, வளைந்து, மூலை திரும்பி. திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். எஞ்சின், விளக்கு, தூண்டில், வலை ஆகியவையும் அதே படகில் இடம் பிடிக்கும். ஒரு கட்டத்தையும் விடாமல் நிரப்பினால்தான் திறமை என்று மருமகன் நினைத்தான். பாறையில் இடித்தால் ஒரு கட்டம் உடையும், அதில் இருந்த சரக்கும் கடலோடு போய்விடும். முழுசாக நிரம்பிய படகு ஒவ்வொரு இடிக்கும் விலை கொடுக்கும். அதோடு பிடித்த மீன் நேரம் ஆக ஆக நாறும், விலை விழும். தூரத் தீவுக்குப் போகிற வழியில் பிடித்துப் போட்டுக்கொண்டே போய், வந்து விற்கலாம் என்று எண்ணினால் அழுகல்தான் மிஞ்சும். மீனைத் திரும்புகிற வழியில் பிடியுங்கள். பலகை, இரும்பு, துணி போன்ற கெடாத சாமான்களைத் துறையில் உள்ள கிட்டங்கியில் இறக்கி வையுங்கள். மோதிரம், பழைய நகை போன்றவற்றை மீன் வியாபாரி வாங்கமாட்டார், அவற்றுக்கு லிட்டில் மேரோ என்ற ஊரில் வேறு வியாபாரி இருக்கிறார்.

நண்டுக்கூட்டை மறந்துவிடுவது சின்னத் தவறு, ஆனால் எல்லாரும் செய்கிறார்கள். போட்ட கூட்டை நாள்கணக்கில் எடுக்காமல் விட்டால் அது தேய்ந்துகொண்டே போகும். எங்கள் பக்கம் பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டு) அருகில் கூடு போடுகிறவர்கள் அடையாளம் வைத்துத் தவறாமல் போய் எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் எனக்கே மூன்று கூடு மறந்துபோயிற்று.

புதுச் சாதனங்களைத் திறக்க உதவும் ஆராய்ச்சிப் பாகங்கள் கிடைக்கும். அவற்றை எதில் செலவழிப்பது? வகை வகையாகத் தூண்டில் திறப்பதில் கரைக்காதீர்கள். கரையோர மீனுக்கு ஒன்று, ஆழ்கடலுக்கு ஒன்று, அலையாத்திக் காட்டு மீனுக்கு ஒன்று, எரிமலைப் பக்கம் ஒன்று என்று தூண்டில்கள் தனித்தனி. எந்தப் பகுதிக்குப் போகப் போகிறீர்களோ அதற்கானது போதும். முதலில் எஞ்சின். கேல் கிளிஃப்ஸ் என்ற பகுதியின் பாறை இடுக்குகளில் துரத்துகிற ஒன்று இருக்கிறது, அதனிடமிருந்து தப்ப வேகம் வேண்டும்.

இப்படி நானே சொல்லிக்கொடுத்த வழியில்தான் விளையாட்டின் பெரிய பலவீனமும் ஒளிந்திருக்கிறது. நல்ல எஞ்சின் கிடைத்த அன்றோடு பயம் போய்விடுகிறது. முதல் மூன்று மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்த அதே நீரில், அப்புறம் பட்டப்பகல் மாதிரி விர்ரென்று போய்வருவீர்கள். துரத்துகிறவை எந்தத் திருப்பத்தில் வரும், எங்கே விட்டுவிடும் என்று மனப்பாடம் ஆகிவிடும். பிற்பாதியில் இரவு ஒரு தொந்தரவாகத்தான் தெரிகிறது. ஸ்டெல்லர் பேசின் என்ற பகுதியின் நடுவில் நீருக்கடியில் கிடக்கும் அந்தப் பெரும் கைகளை முதல் தடவை பார்த்தபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. ஐந்தாவது தடவை அதைச் சுற்றிக்கொண்டு மீன் பிடித்தேன். உருவாக்கியவர்கள் பிற்பகுதியில் வேகத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கலாம். அந்தப் பயம் இன்னும் கொஞ்ச நாள் நீடிக்க வேண்டும் என்றால், எஞ்சினை ஒரு படி மட்டும் ஏற்றிவிட்டு நான்கு வெளிப் பகுதிகளையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். எதுவும் தாக்காதபடி வைக்கிற அமைதி முறையும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அது நல்லது. மற்றவர்கள் முதல் ஆட்டத்திலேயே அதைப் போட்டால் விளையாட்டின் உயிர் நாடியை அறுத்த மாதிரி.

'லவ்கிராஃப்ட் பாணித் திகில்' என்று கேள்விப்பட்டு, வெட்டுக்குத்தும் வேட்டையும் எதிர்பார்த்து வருவது இன்னொரு தவறு. கையில் ஆயுதம் கிடையாது. லவ்கிராஃப்ட் 1890 முதல் 1937 வரை வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர். மனிதனைப் பொருட்டாகவே மதிக்காத பழம்பெரும் ஏதோ ஒன்று ஆழத்தில் கிடக்கிறது, அதை அறிய முயன்றால் புத்தி பேதலிக்கும் என்பதுதான் அவர் வகைப் பயம். பிளாக்ஸ்டோன் தீவில் ஒரு சேகரிப்பாளர் உங்களைக் கடலடியில் இருந்து ஐந்து பொருள்களை எடுத்துவரச் சொல்கிறார். அவற்றைக் கொடுக்கக் கொடுக்கச் சக்திகள் கிடைக்கின்றன. அந்தச் சக்திகளுக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்பது மெல்ல மெல்லத்தான் புரியும். எங்கள் கரையில் சங்கு குளிக்கிறவர்கள் அடியிலிருந்து எடுப்பதைக் கொண்டுதான் வீடு ஓட்டுகிறார்கள். ஆகவே அடியில் இருப்பதை எடுப்பதே பாவம் என்கிற தொனி எனக்கு முதலில் ஒட்டவில்லை. ஆசை எந்த இடத்தில் எல்லை தாண்டுகிறது என்பதுதான் கதை என்று பிறகு விளங்கியது.

இதில் ஒரு விஷயத்தை நான் மனசாரப் பாராட்டுகிறேன். லவ்கிராஃப்டுக்குக் கடல் உணவு என்றாலே குமட்டும். அவருடைய கதையில் துறைமுகத்து மக்கள் இரத்தம் கெட்டுப்போன இனமாக வருவார்கள். அந்தக் கதைகளில் பயத்தோடு இளக்காரமும் கலந்திருக்கிறது. மீன் வாடை அடிக்கிற ஊரில் பிறந்தவனுக்கு அது சுடும். ட்ரெட்ஜ் அந்தப் பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இளக்காரத்தை விட்டுவிட்டது. அதன் தீவுகளில் இருக்கும் மீன் வியாபாரியும் படகு கட்டுகிறவரும் துக்கம் சுமந்த சாதாரண மனிதர்கள்.

அதே சமயம் இதை மீன்பிடித் தொழிலின் படம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. அண்ணன் அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "டீசல் எங்கடா போடுவாங்க?" டீசலே கிடையாது என்றேன். "அப்ப இது கடல் இல்ல, குளம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வாடையும் கச்சானும் போல மாறி மாறி வரும் பருவக் காற்று இதில் இல்லை. பாக் நீரிணைப் பக்கத்து வடகடலில் ஒரு மாதிரி, தென்கடலில் ஒரு மாதிரி என்று நீரைப் படிக்க வேண்டியதில்லை. பங்கு பிரிக்கக் கூட ஆள் இல்லை, எப்போதும் தனி ஆள். எங்கள் பயம் காற்றில் வருவது. 1964 டிசம்பர் 22 இரவு புயல் அலை தனுஷ்கோடியையும் பயணிகளோடு வந்த ரயிலையும் வாரிக்கொண்டு போனதை எங்கள் வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் ஊரே வானத்தைப் பார்க்கும். அந்தப் பயத்தை ட்ரெட்ஜில் தேடாதீர்கள். அது காட்டுவது, கரை தெரியாத தூரத்தில் தனியாக நிற்கிறவன் மனதுக்குள் நடப்பதை. அதை நன்றாகக் காட்டுகிறது.

பலவீனம் இன்னும் ஒன்று: அதைக் கொண்டுவா, இதைக் கொடு என்கிற வேலைகள். ஒவ்வொரு பகுதியிலும் ஏறக்குறைய ஒரே வரிசைதான். மூன்றாவது பகுதியில் சலிப்புத் தட்டும். அந்தச் சலிப்பில் கதை முடிவுக்கு ஓடாதீர்கள். இதற்கு இரண்டு முடிவுகள் உண்டு. ஐந்து பொருளும் சேர்ந்த பிறகு, கிரேட்டர் மேரோவின் கலங்கரை விளக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் ஒரு தடவை போய்ப் பேசுங்கள். இதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும். 2023 நவம்பரில் வந்த பனிக்கடல் பகுதி, 2024 ஆகஸ்டில் வந்த எண்ணெய்த் துரப்பண மேடைப் பகுதி என்று இரண்டு கூடுதல் பாகங்களும் இருக்கின்றன. மூல விளையாட்டு பிடித்திருக்கிறதா என்று தெரியும் முன் இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டாம். முதலாவது மிகச் சின்னது.

கடைசியாக, எழுத்தைத் தாண்டி ஓடுவது. இந்த விளையாட்டு தமிழில் இல்லை. அதனால் நம் பிள்ளைகள் வருகிற வரிகளை எல்லாம் தட்டித் தள்ளிவிட்டு மீனை மட்டும் பார்க்கிறார்கள். பயத்தில் பாதி அந்த வரிகளில்தான் இருக்கிறது. பிடிக்கிற ஒவ்வொரு மீனுக்கும் ஒரு குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதியிருப்பார்கள். உருக்குலைந்த மீன்களுக்கு எழுதியிருப்பதைப் படித்தால் முதுகில் ஊரும். மருமகனை ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். அண்ணனைக் கேட்டுக் கேட்டு எழுதினான். கணவாய், விலாங்கு, திருக்கை, மடவை, கானாங்கெளுத்தி. நம்மிடம் இல்லாத குளிர்கடல் மீனுக்கு அது என்ன சாடை என்று பார்த்து அண்ணன் பக்கத்துச் சொந்தம் சொன்னார்.

மூன்று தலை உள்ள காட் மீன் ஒன்று மாட்டியது. விலை சாதாரண மீனைவிட நல்ல விலை. போனை நீட்டி, "பெரிய மாமா, இதுக்கு என்ன பேரு எழுத?" என்றான்.

அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். "பேரெல்லாம் வேணாம். அறுத்து விட்ரு" என்று சொல்லிவிட்டு வலையைத் தைக்கப் போய்விட்டார்.