போலீஸ் சோதனைக்கு வந்தால் நாம் செய்கிற தப்புகள்

‘வாரண்ட் இருக்கா சார்?’ என்று கேட்டுவிட்டால் வந்த போலீஸ் அப்படியே ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விடும் என்று எங்கள் குமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழியிலிருந்து கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வரை நிறைய பேர் நம்புகிறார்கள். போகாது. வாரண்ட் இல்லாமலே வீட்டைச் சோதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 165ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 185ஆம் பிரிவு.

ஆனால் அதற்கும் வேலி உண்டு. ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ கேஸை விசாரிக்கும் அதிகாரியோதான் வரலாம், வாரண்டுக்குப் போனால் காலம் கடந்துவிடும் என்பதற்கான காரணத்தையும் எதைத் தேடுகிறார் என்பதையும் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். அவர் வர முடியாமல் வேறு ஆளை அனுப்பினால் அதற்கும் எழுத்தில் உத்தரவு வேண்டும், ‘சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுப் போறேன்’ என்று ஒரு கான்ஸ்டபிள் தனியாக உள்ளே நுழைய முடியாது. ஆகவே வாசலில் கேட்க வேண்டியது, எந்தக் கேஸ், எதைத் தேடுகிறீர்கள், யார் விசாரணை அதிகாரி என்பதுதான். எழுதி வைத்த அந்தக் காரணத்தின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போயாக வேண்டும். குழித்துறையோ இரணியலோ நாகர்கோவிலோ, அந்த கோர்ட்டில் மனு போட்டால் வீட்டுக்காரருக்கு இலவசமாக நகல் கிடைக்கும். இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு.

வாரண்டோடு வந்தால் ‘சரி, வாங்க’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பது அடுத்த தப்பு. வாங்கிப் படியுங்கள். கோர்ட் முத்திரை, கையெழுத்து, எந்த இடம் என்று பாருங்கள். இன்ன இடத்தில் மட்டும் என்று நீதிபதி குறித்திருந்தால் அங்கே மட்டும்தான் தேடலாம், பின்னால் இருக்கிற தோப்புவீட்டுக்குப் போக அது போதாது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காராதீர்கள். அதிகாரத்தையும் நோக்கத்தையும் சொல்லிக் கேட்டும் திறக்காவிட்டால் உடைத்து நுழைய அவர்களுக்கு அனுமதி இருக்கிறது. தள்ளுமுள்ளு ஆனால் அது தனிக் கேஸ்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட மோசமான தப்பு மகஜரில்தான், அதாவது எடுத்த பொருட்களைப் பட்டியலிட்டு எழுதும் தாளில்தான் நடக்கிறது. எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆள் போனால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். எடுத்த பொருள் ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்பதோடு பட்டியலில் வர வேண்டும், அந்தப் பகுதியில் இருக்கிற மரியாதைப்பட்ட, சம்பந்தமில்லாத இரண்டு பேராவது உடனிருந்து கையெழுத்துப் போட வேண்டும், நகல் உங்கள் கைக்கு வர வேண்டும், தேடும்போது கூடவே நிற்க உங்களுக்கு உரிமை உண்டு. சோதனையையும் பட்டியல் எழுதுவதையும் கையெழுத்து வாங்குவதையும் வீடியோ எடுப்பது இப்போது அந்தப் புதிய சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி கட்டாயம். ‘வீடியோ ஓடுதா சார்’ என்று மரியாதையாகக் கேளுங்கள்.

அக்கம்பக்கத்தார் செய்வதும் இங்கே சேரும். கடற்கரை ஊர்களில் வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டித்தான் இருக்கும், ஆனால் ஜீப் வந்ததும் ஒரு ஜன்னல் திறக்காது, காரணம் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்ற பயம். கோர்ட்டே தனியாகச் சம்மன் அனுப்பினால் ஒழிய சோதனைச் சாட்சி போக வேண்டியதில்லை. எழுத்தில் கூப்பிட்டும் காரணமில்லாமல் மறுத்தால்தான் குற்றம். நாலு பேர் அறிந்த உள்ளூர்க்காரர் நிற்பது வீட்டுக்காரருக்குத்தான் பாதுகாப்பு.

பெண்களை உடல் சோதனை செய்வது பெண்தான், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

எல்லைப் பக்கம் கேட்கிற இன்னொன்று, ‘கேரளா போலீஸுக்கு இங்கே என்ன வேலை’ என்பது. வேறு ஸ்டேஷன் எல்லைக்குள் தேட வேண்டுமானால் அந்த ஸ்டேஷன் வழியாகச் செய்யலாம், தாமதித்தால் சாட்சியம் அழிந்துவிடும் என்றால் நேரடியாகவும் தேடலாம், ஆனால் உடனே உள்ளூர் ஸ்டேஷனுக்குத் தகவலும் பட்டியல் நகலும் கொடுக்க வேண்டும். அதனால் அவர்களோடு மல்லுக்கட்டாமல் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு நம்ம ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்கள்.

கஞ்சா சந்தேகத்தில் செக்போஸ்டில் இறக்கினால், உடலைச் சோதிக்கும் முன் கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, அதை அவர்களே சொல்லவும் வேண்டும். ஆனால் கையிலிருக்கும் பையைச் சோதிக்க இது பொருந்தாது.

‘சோதனை முறையில்லை, கேஸ் நிக்காது’ என்று டீக்கடையில் சொல்வதை நம்பி வக்கீலைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். முறைகேடான சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் சாட்சியத்தை ஒதுக்க முடியாது என்று 1973-லேயே பூரன் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறைகேட்டைக் காட்டி நம்பகத்தன்மையைக் கேள்வி கேட்கலாம், அதற்கும் அந்த மகஜர் நகல்தான் வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் 15100-க்குக் கூப்பிடுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண். எடுத்துப்போன பைக்கையோ போனையோ கோர்ட்டில் மனு போட்டுத் திரும்பக் கேட்கும்போதும் பட்டியலில் எஞ்சின் எண், ஐஎம்இஐ எண் சரியாக இருந்தால் வேலை சுலபம், ‘கறுப்பு நிற செல்போன் ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது உங்களுடையதுதான் என்று நிரூபிக்கவே பாதி நாள் போகும்.