இத்தாலியின் அமல்ஃபி கடற்கரைக்கு முதல் தடவை போகிறீர்களா? கார் வேண்டாம்

அமல்ஃபி என்றதும் எல்லோரும் அந்தக் கரையில் இருக்கும் பொசிட்டானோ என்ற ஊரில் ரூம் தேடுவார்கள், வாடகையைப் பார்த்ததும் பயணமே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் சலேர்னோவில் தங்குங்கள். துறைமுக ஊர், பெரிய ஊர், செலவும் குறைவு.

முதலில் நேப்பிள்ஸிலிருந்து சலேர்னோவுக்கு ரயில். வேக ரயிலில் சுமார் 40 நிமிடம், சாதாரண ரயிலில் கூடுதல் நேரம், ஆனால் மலிவு. சாதாரண ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால் ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் இருக்கும் சின்ன மெஷினில் முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான்.

மறுநாள் காலை படகு. ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் கொன்கோர்தியா படகுத்துறை, அங்கிருந்து அமல்ஃபி ஊருக்கு 35 நிமிடம்தான். மேல்தளத்தில் வலது பக்கம் உட்காருங்கள், கரை அந்தப் பக்கம்தான் வரும்: செங்குத்தான மலை, அதில் படிப்படியாக எலுமிச்சைத் தோட்டம், நடுவில் செத்தாரா என்ற மீனவ ஊர். அந்த ஊரில் நெத்திலி வகை மீனை உப்போடு மரப்பீப்பாயில் அடுக்கி, மேலே கனம் வைத்து, மாதக்கணக்கில் ஊறியபின் அடியிலிருந்து சொட்டும் தேன் நிறச் சாற்றை எடுப்பார்கள். கொலத்தூரா என்று பெயர். ஸ்பகெட்டியில் ஊற்றினால் கண்ணுக்கே தெரியாது, சைவக்காரர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அமல்ஃபியில் இறங்கி, 62 படி ஏறி தேவாலயத்தைப் பாருங்கள். அப்புறம் கூட்டத்தை விட்டு, பத்து நிமிடம் நடந்து பக்கத்து ஊரான அத்ரானிக்குப் போய்விடுங்கள், என்னைக் கேட்டால் அமல்ஃபியைவிட அதுதான் அழகு. நேரமிருந்தால் பஸ் பிடித்து மலைமேல் இருக்கும் ரவெல்லோ, அங்கே வில்லா ரூஃபொலோ என்ற பழைய மாளிகையின் தோட்டம்.

சரி, திரும்புவது எப்படி? கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, குளிர்காலத்திலும் கிடையாது; அப்போது பஸ்தான். சாலை அவ்வளவு குறுகல், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டுதான் பஸ் போகும், எதிரே வரும் கார்தான் பின்னால் நகர்ந்து வழிவிட வேண்டும். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டைப் பிடியுங்கள். கோடையில் அமல்ஃபி நிலையத்திலேயே ஏறிவிடுங்கள், வழியில் நின்று கைகாட்டினால் நிரம்பிய பஸ் நிற்காமல் போய்விடும். பஸ் டிக்கெட்டை, T எழுத்துப் பலகை போட்ட புகையிலைக் கடையில், திரும்பி வருவதற்கும் சேர்த்துக் காலையிலேயே வாங்கி வையுங்கள், கடைகள் ராத்திரி மூடிவிடும்.