வெயிலில் உடற்பயிற்சி: உங்கள் வியர்வைக் கணக்கை நீங்களே போடுங்கள்

வெயிலில் ஓடும்போது பாதி தூரத்திலேயே கால் கனத்துப்போவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போக வேண்டும், வேலை செய்ய தசைக்கும் போக வேண்டும். வியர்த்து ரத்தத்தில் நீர் குறையக் குறைய, அதே வேகத்துக்கே இதயம் கூடுதலாகத் துடிக்கும். தசையில் எரிபொருளாகச் சேர்த்துவைத்த சர்க்கரையான கிளைகோஜனும் குளிர்ந்த வேளையைவிட சீக்கிரம் தீரும். அதனால் தண்ணீர், உப்பு, சர்க்கரை மூன்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஆளுக்கு இத்தனை லிட்டர் என்ற பொதுக்கணக்கை நம்பாதீர்கள். ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் வியர்க்கும், கூட ஓடுபவருக்கு 2 லிட்டர்கூட வியர்க்கலாம். உங்கள் அளவைக் கண்டுபிடிக்க ஒரு எடை மெஷின் போதும். சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். வழக்கமான வேகத்தில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்யுங்கள். குடித்த தண்ணீரைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வியர்வையை நன்றாகத் துடைத்துவிட்டு, அதே உடை அளவில் மறுபடி எடை பாருங்கள். ஈர பனியனோடு ஏறி நின்றால் கணக்கு தப்பிவிடும்.

64 கிலோ 63.1 ஆகியிருக்கிறது, இடையில் 400 மில்லி குடித்தீர்கள் என்றால், போன வியர்வை 900 + 400 = 1,300 மில்லி. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழந்தால் வேகம் சரியத் தொடங்கும். 64 கிலோவுக்கு அது சுமார் 1.3 லிட்டர். ஒன்றரை மணி நேரத்தில் உங்களுக்கு 2 லிட்டர் அளவுக்குப் போய்விடும். ஆக 15 நிமிடத்துக்கு 150 மில்லி குடித்தால் எல்லைக்குள் நிற்பீர்கள். போனதை முழுவதும் ஈடுகட்டப் பார்க்க வேண்டாம், வயிறு தாங்காது.

தொடங்குவதற்கு 4 மணி நேரம் முன்பே உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 மில்லி குடித்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் முன்பு சிறுநீர் இன்னும் அடர்மஞ்சளாக இருந்தால் இன்னொரு தம்ளர். கிளம்பும் நேரத்தில் மடமடவென்று குடிப்பது வயிற்றில் குலுங்கத்தான் உதவும்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்கு வெறும் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால் இதைக் கலந்துகொள்ளுங்கள்: 1 லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை (தலை தட்டிய 15 தேக்கரண்டி), 1.5 கிராம் உப்பு (கால் தேக்கரண்டி). உப்பை முதலில் கரைத்து ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். லேசாகக் கரிக்க வேண்டும், கடல்நீர் போல இருந்தால் அளவு தவறியிருக்கிறது. பிறகு சர்க்கரை. தெம்பு வேண்டும் என்று சர்க்கரையை இரட்டிப்பாக்காதீர்கள். அடர்த்தி கூடினால் வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும், குமட்டும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே இதைக் குடிக்க வேண்டும்.

குறைவாகக் குடிப்பதைவிட அளவுமீறிக் குடிப்பது சில நேரம் ஆபத்து. பயிற்சி முடிந்து எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், வலிப்புகூட வரலாம். அப்போது இன்னும் தண்ணீர் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும்.

புழுக்கமான நாளில் வியர்வை சொட்டுகிறதே, உடம்பு குளிர்கிறது என்று எண்ண வேண்டாம். ஆவியானால்தான் குளிர்ச்சி, சொட்டினால் வெறும் இழப்பு. அன்றைக்கு வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதிதாக வெயிலுக்கு வருபவர்கள் 20 நிமிடத்தில் தொடங்கி, 10 முதல் 14 நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள். அதற்குள் வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பும் குறையும்.

முடிந்தபின், இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லிட்டர் வரை, சில மணி நேரத்தில் பிரித்துக் குடியுங்கள். கூடவே உப்புள்ள உணவு சாப்பிட்டால் குடித்தது உடம்பில் தங்கும்.

உடன் ஓடுபவர் தள்ளாடினால், உளறினால், அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்த்தி, தலை மூழ்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டி இல்லையென்றால் உடம்பு முழுக்க நீர் ஊற்றி விசிறுங்கள்.